'ஜாம்பி மான்' நோய்: நக்கிக்கொடுக்கும் பழக்கமே எமனாவது எப்படி?

எலும்பும் தோலுமான உடல், தொங்கிய தலை, ஒழுகும் எச்சில். அமெரிக்கக் காடுகளில் இப்படித் தள்ளாடும் மான்களுக்கு இணையம் வைத்த பெயர் 'ஜாம்பி மான்'. விஞ்ஞானிகள் வைத்த பெயர் நாள்பட்ட மெலிவு நோய், சுருக்கமாக சிடபிள்யூடி. வந்துவிட்டால் மான் பிழைக்காது.

என்ன நோய் இது?

1967-ல் கொலராடோவில் ஆய்வுக்காக வளர்க்கப்பட்ட மான்களிடம்தான் முதலில் தெரியவந்தது. இன்று 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாகாணங்களில் இருக்கிறது. காரணம் வைரஸ் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. 'பிரியான்' எனும் வடிவம் கெட்ட புரதம். மூளையில் உள்ள நல்ல புரதத்தையும் அது தன்னைப்போல மாற்றிவிடும். மருந்தோ தடுப்பூசியோ கிடையாது.

அறிகுறி தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை நல்லாத்தான் இருப்பதுபோலத் தெரியும் மான், எச்சில், சிறுநீர், புழுக்கை வழியே நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

மான்களுக்குள் பரவுவது எப்படி?

வெள்ளை வால் மான்களில் தாய், மகள், பேத்தி எனப் பெண் மான்கள் குடும்பமாக வாழும். ஒன்றின் முகத்தை இன்னொன்று நக்கிக்கொடுக்கும். அருகில் வாழும் நெருங்கிய உறவு மானுக்கு நோய் இருந்தால், பெண் மானுக்குத் தொற்றும் ஆபத்து அதிகம் என்று விஸ்கான்சினில் நடந்த ஆய்வு காட்டியது.

ஆண் மான்களின் வழி வேறு. இணை தேடும் பருவத்தில் தரையைக் குளம்பால் கீறி, சிறுநீர் கழித்து, மேலே தாழ்ந்திருக்கும் கிளையை நக்கிவிட்டுப் போகும். 'இங்கே நான் இருக்கேன்' என்பதற்கான அடையாளம் அது. அடுத்து வரும் மானும் அதே கிளையை நக்கும். இரண்டும் நேரில் சந்திக்கவே வேண்டாம்.

மனிதர்களின் பங்கு என்ன?

ஒரு குடும்பத்து மான்கள் இன்னொரு குடும்பத்தோடு அதிகம் ஒட்டுவதில்லை. ஆனால், வேட்டைக்காக ஒரே இடத்தில் மக்காச்சோளம் கொட்டினால்? பல குடும்பங்கள் ஒரே குவியலில் வாய் வைக்கும். பிரியான் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் என்பதால், சோளம் தீர்ந்தாலும் ஆபத்து தீராது. அதனால்தான் நோய் கண்ட மாவட்டங்களில் இரை வைப்பதற்கு விஸ்கான்சின் தடை விதிக்கிறது. வேட்டைக்காரர்களிடம் இதற்கு எதிர்ப்பும் உண்டு.

நார்வேயில் 2016-ல் காட்டுக் கலைமான்களிடம் நோய் தெரிந்ததும், 2,000-க்கும் மேற்பட்டவை இருந்த ஒரு மந்தையே அழிக்கப்பட்டது. ஆடுகளுக்கு வைத்த உப்புக்கட்டிகளைத் தேடிக் கலைமான்களும் கூடிய இடங்கள் அங்கே பெரிய கவலையாக இருந்தன.

மனிதர்களுக்குப் பரவுமா?

இதுவரை யாருக்கும் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். சமைப்பதால் பிரியான் அழியாது.

மான்கள் நக்கிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. சோளம் கொட்டுவதை நிறுத்துவது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.