திறவுகோல் எவர் கையில்?

தன் பொருளைத் தன் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறவுகோலை மட்டும் கடல்கடந்த வணிகன் ஒருவனிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு முறையும் அவன் இசைவு பெற்று உள்ளே நுழைகின்றவனை அறிவுடையான் என்று எவரும் சொல்லார். ஆயினும், விலைகொடுத்து வாங்கிய படங்களையும் பாட்டுகளையும் வீட்டு விழாக்களின் காணொளிகளையும் வட்டில் சேர்த்து, அவற்றை வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் திறன்பேசிக்கும் ஓடவிடும் வழங்கி ஒன்றை அமைக்கப் புகுவோருள் பலர் செய்வது இதுவே. கணிப்பொறி அவர்களுடையது, வட்டு அவர்களுடையது, மின்கட்டணமும் அவர்களுடையது, வாயிற்காவல் மட்டும் அயலானுடையது!

இத்தகைய வழங்கியை நடத்தும் மென்பொருள்களுள் இன்று பெரிதும் பேசப்படுவன பிளெக்சு, எம்பி, செல்லிஃபின் என்னும் மூன்று. கோடியும் உண்டே எனின், அது தொலைக்காட்சியின் அருகே ஒரு கணிப்பொறி என்னும் அமைப்புக்குச் சிறந்ததேயன்றிப் பல கருவிகளுக்குப் பங்கிடும் வழங்கியாகப் படைக்கப்பட்டதன்று. 2002இல் எக்சுபாக்சு விளையாட்டுப் பெட்டிக்கென வேறு பெயரில் தோன்றி, 2014இல் கோடி எனப் பெயர் மாறிய அதன் நிரலினின்று கிளைத்ததே பிளெக்சு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கூலி வேண்டாதார் பலர் உழுத நிலத்தின் விளைச்சல் ஒரு குழுமத்தின் களத்துமேட்டைச் சேர்ந்தது.

எம்பியின் வரலாறு இதனினும் கசப்பானது. திறந்த உரிமத்தின்கீழ் வளர்ந்த அம்மென்பொருளுக்குப் பிழை திருத்தியும் புதுக்கூறு சேர்த்தும் உழைத்தோர் பலர். 2018ஆம் ஆண்டின் இறுதியில் அதனை நடத்தியோர் மூலநிரலை வெளியிடுவதை நிறுத்திக் கதவைச் சாத்தினர். சாத்தியவர் சாத்தலாம், முன்னரே வெளிவந்துவிட்ட நிரலைத் திரும்பப் பறித்துக்கொள்ள அவ்வுரிமம் எவருக்கும் இடந்தரவில்லை. அந்தத் திசம்பரிலேயே 3.5.2 என்னும் திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு சிலர் வெளியேறினர். அவர்கள் தொடங்கியதே செல்லிஃபின். உரிமத் தாளில் யாரும் படியாமல் விட்டுவிடும் சில வரிகள் என்ன செய்ய வல்லவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிளெக்சுக்கு ஏற்றமே இல்லை என்பது முறையன்று. அமைப்பதற்கு எளிது, ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சி வகைகளுக்கும் அதன் செயலி உண்டு, வெளியூரிலிருக்கும் முதியவரும் பிறர் துணையின்றி இயக்கலாம். ஆனால், அவ்வெளிமைக்கு ஈடாகக் கேட்கப்படுவது யாது? உள்நுழைவுக் கணக்கு அக்குழுமத்தின் வழங்கியில் இருத்தல் வேண்டும். 2022 ஆகத்தில் அங்கிருந்து பயனரின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கிய கடவுச்சொற்களும் களவு போயின. 2025 செபுத்தம்பரில் மீண்டும் அத்தகைய களவு நேர்ந்தது. 2023 அத்தோபரில், செருமானிய நாட்டு வழங்கிக்கூலி நிறுவனம் ஒன்றிலிருந்து இயங்கிய பிளெக்சு வழங்கிகள் அனைத்தையும் அக்குழுமம் தடுத்தது. குற்றமிழைத்தோரும் இழையாதோரும் ஒருங்கே வெளியே நின்றனர். 2025 ஏப்பிரல் 29 முதல், வீட்டுக்கு வெளியிலிருந்து தன் படத்தைத் தானே காண்பதற்கும் கட்டணம் வந்தது. 119.99 அமெரிக்கத் தாலராக இருந்த வாழ்நாள் உரிமம் அன்றே 249.99 ஆயிற்று. திறன்பேசிச் செயலிக்கு முன்பு வாங்கிய ஒருமுறைக் கட்டணத்தை அப்போது நீக்கினர் என்பதையும் மறைத்தலாகாது. எனினும் நேற்றுவரை விலையின்றி இருந்ததற்கு இன்று விலை குறிக்கும் ஆற்றல் எவரிடம் உள்ளதோ, அவரிடமே திறவுகோலும் உள்ளது.

இனி, பொறியின் பக்கம் பார்ப்போர்க்கு ஒரு செய்தி. படக்கோப்பு எந்தக் குறிமுறையில் உள்ளதோ அதனைக் காணுங்கருவி அறிந்திருப்பின், வழங்கிக்கு வேலையே இல்லை. எடுத்துக் கொடுத்தலோடு முடிந்தது. 2013இல் வந்த எச்.265 முறையில் உள்ள படத்தை அஃது அறியாத பழங்கருவி கேட்கும்போதுதான் இடர். வழங்கி அதனை ஓடும்போதே பிரித்து எச்.264 முறைக்கு மாற்றித் தரவேண்டும். எழுத்தாக அன்றிப் படமாகவே அமைந்த துணையுரையும் பலகாலும் இதே சுமையை ஏற்றிவிடும். மையச் செயலி மட்டும் இதனைச் செய்யின் திணறும். இன்டெல் சில்லுகள் பலவற்றுள் 2011 முதல் அமைந்துள்ள காணொளிப் பகுதியிடம் விட்டால் எளிதில் முடியும். ஒருவர் தம் பணத்தில் வாங்கிய சில்லின் அந்தப் பகுதியை முழுமையாகப் பயன்கொள்ளப் பிளெக்சும் எம்பியும் தனிக் கட்டணம் கேட்கின்றன. செல்லிஃபின் கேட்பதில்லை. கையடக்க இராசுபெரி பையை நம்புவோர் மட்டும் விழிப்பாயிருத்தல் நன்று: அதன் ஐந்தாம் பதிப்பில் காணொளியைக் குறியாக்கும் உறுப்பே இல்லை.

செல்லிஃபினைத் தேர்வோர்க்கு உழைப்பு உண்டு. வெளியூரிலிருந்து காண வழி வேண்டுமாயின் அதனைத் தாமே அமைத்தல் வேண்டும். 8096 என்னும் அதன் வாயிலை இணையவெளிக்கு அப்படியே திறந்துவிடுவது, திறவுகோலை மீட்டபின் கதவைத் தாழிடாமற் போவது போன்றது. வயர்கார்டு போன்ற மறையாக்கிய தனிவழியை அமைத்து, அதன் வழியே நுழைதலே ஏற்றது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு அதன் செயலி கிட்டுமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஐயம் எழுந்தால் விடைசொல்லக் கட்டணம் பெற்ற பணியாளர் எவரும் இரார். தன்னார்வலர் விடையிறுக்குங்காறும் பொறுத்தல் வேண்டும். இத்துணையும் ஒரு விடுமுறை நாளின் உழைப்புக்குள் அடங்குவதே. அவ்வொரு நாளை மிச்சப்படுத்தப் பல்லாண்டு குடிக்கூலி கொடுப்பதில் கணக்கும் இல்லை, மானமும் இல்லை.

முடிவுசெய்ய இயலாதோர் இரண்டையும் ஒரே கணிப்பொறியில் நிறுவி, ஒரே கோப்புறையைப் படிக்க மட்டும் இசைவு தந்து, ஒரு திங்கள் நடத்திப் பார்க்கலாம். கோப்புகளுக்கு ஊறு நேராது. படத்தின் பெயரையும் அது வெளிவந்த ஆண்டையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிட்டுவிட்டால் இரண்டும் பெரும்பாலும் அடையாளங் கண்டுகொள்ளும். பின்னர் எதனைக் கைவிட்டாலும் மீண்டும் பெயரிடும் வேலை நேராது.