2ஜியை மூடும் முன் சில கேள்விகள்

முதலில் வந்தது முதலில் விடைபெறும் என்பதே தொழில்நுட்ப உலகின் வழக்கம். கைப்பேசித் துறையில் அது பொய்த்துவிட்டது. ஏர்டெல் 2020-இலேயே 3ஜி சேவையைக் கைவிட்டது. ஜெர்மனியில் 2021-இல் மூன்று நிறுவனங்களும் 3ஜியை மூடின. இரு இடங்களிலும் அதற்கு மூத்த 2ஜி தொடர்ந்தது.

காரணம், அலைக்கற்றையின் கணக்கு. 3ஜியின் ஒரு தடத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் தேவை. அதைப் பெரிதாகக் குறைக்க வழியில்லை. 2ஜியின் ஒரு தடத்துக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ் போதும். எனவே, பயன்பாடு குறையக் குறைய 2ஜியை ஓர் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள இடத்தை 4ஜிக்கு அளிக்கலாம். 4ஜியும் 5ஜியும் இன்னும் நெருக்கமாக வாழ முடியும். ஒரே அலைவரிசையை, தேவைக்கேற்ப மில்லி விநாடிக் கணக்கில் இரண்டுக்கும் பங்கிடும் நுட்பம் வந்துவிட்டது. ஆனால், 4ஜி இடைவிடாமல் அனுப்பும் அடையாள சமிக்ஞைகள் இடத்தை அடைப்பதால், இந்தப் பங்கீட்டில் வேகம் ஓரளவு குறையும்.

இந்தியாவில் 5ஜிக்கென 2022 ஏலத்தில் 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டை புதிதாகக் கிடைத்தது. ஆகவே, 5ஜிக்கு இடமளிக்க 2ஜியை உடனே வெளியேற்றியாக வேண்டிய கட்டாயம் இங்கு எழவில்லை.

ஆயினும், 2ஜி, 3ஜி சேவைகளை முற்றிலும் மூடக் கொள்கை வகுக்க வேண்டும் என 2024 தொடக்கத்தில் டிராய் அமைப்பிடம் ஜியோ வலியுறுத்தியது. பழைய கட்டமைப்பைப் பராமரிக்கும் செலவும், அதே அலைக்கற்றையில் 4ஜி பன்மடங்கு தரவைச் சுமக்கும் என்பதும் மறுக்க முடியாத வாதங்கள். ஆனால், 2016-இல் 4ஜியுடன் களமிறங்கிய ஜியோவிடம் 2ஜி வாடிக்கையாளர்களே இல்லை என்பதையும் கருத வேண்டும். அந்தச் சுமை போட்டி நிறுவனங்களுடையது.

‘பட்டன் போன்’ வைத்திருக்கும் கோடிக்கணக்கானோரில் முதியோரும் கூலித் தொழிலாளரும் கணிசமானோர். வங்கியின் ஒருமுறை கடவுச்சொல்லும் மானியம் வரவான தகவலும் அவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவே வருகின்றன. குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான கட்டணத் திட்டம் கட்டாயம் என 2024 டிசம்பரில் டிராய் விதித்தது, இவர்களின் தேவையை உணர்ந்ததன் அடையாளம்.

ஆஸ்திரேலியா தரும் பாடமும் உண்டு. அங்கு 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி மூடப்பட்டது. அதற்கு முன்பே ஒரு சிக்கல் வெளிப்பட்டது: சாதாரண அழைப்புக்கு 4ஜியைப் பயன்படுத்திய சில கைப்பேசிகள், அவசர அழைப்புக்கு 3ஜியையே நம்பியிருந்தன. மூடும் தேதி தள்ளிப்போனது. அத்தகைய கருவிகளை இணைப்பிலிருந்து நீக்கவும் நேர்ந்தது.

இந்தியாவிலும் 2ஜி ஒருநாள் விடைபெறும். அதற்கு முன் மூன்று ஏற்பாடுகள் தேவை. மூடும் தேதியைப் போதிய காலம் முன்னதாக, மாநில மொழிகளில் அறிவிக்க வேண்டும். புதிய வலையமைப்பில் 112 அழைப்பு தடையின்றிச் செல்கிறதா என ஒவ்வொரு வட்டத்திலும் சோதிக்க வேண்டும். எளியோர் 4ஜி கைப்பேசிக்கு மாற, டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து உதவ வழிகாண வேண்டும்.

அதுவரை, 2ஜி கேட்கும் அந்தச் சிறு ஓரத்தை விட்டுவைப்பது பெரிய இழப்பல்ல. அலைக்கற்றை நிறுவனங்களுக்கு உரிமமாக வழங்கப்படும் பொதுச்சொத்து. அதில் ‘பட்டன் போன்’ வைத்திருப்பவருக்கும் பங்குண்டு.