பேருக்கு வெயிட் கிடையாது

அமெரிக்காவில் மாட்டுக் கொம்பு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நல்ல கொம்பாக இருந்தால் லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகிறது!

வெறும் கொம்பு இல்லை, வெடிமருந்துக் கொம்பு. 18-ம் நூற்றாண்டு சிப்பாய் அதில்தான் துப்பாக்கி மருந்தை அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். மழை பெய்தாலும் நனையாது. அகன்ற பக்கம் மரக்கட்டை அடைப்பு, நுனியில் தக்கை. முகாமில் பொழுது போகவில்லை என்றால் கத்தி முனையால் தன் பேர், வருஷம், பார்த்த கோட்டை, கடந்த ஆறு எல்லாவற்றையும் அதில் கீறிவைத்தான்.

'அதனால நமக்கென்ன சார்?'

அந்தக் கொம்புகளில் பல, 1754-ல் அங்கே மூண்ட இங்கிலீஷ்-பிரெஞ்சு சண்டைக் காலத்தவை. அதே பங்காளித் தகராறுதான் 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியிலும் நடந்தது. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம். அயர் கூட் ஜெயித்தார், லாலி தோற்றார். மறுவருஷம் செஞ்சிக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனது. கூட், லாலி பேரையெல்லாம் ஸ்கூலில் உருப்போட்டோம். கூடவே போன நம்மூர் சிப்பாய் ஒருத்தன் பேரையாவது உருப்போடச் சொன்னார்களா?

பேர் வெட்டுவதில் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. நம் கொம்பு, பித்தளைக் குடம். விழுப்புரத்தில் ஒரு பழைய பாத்திரக் கடையில் பார்த்தேன். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, இனிஷியலோடு ஒரு அம்மாவின் பேர், 1952-ம் வருஷக் கல்யாணத் தேதி, கீழே 'அண்ணன் அன்பளிப்பு'. அந்த அண்ணன் எத்தனை மாசம் கடன் கட்டினாரோ!

"இதெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"உருக்கத்தான் அனுப்பணும்."

"பேர் இருக்கே?"

"பேருக்கெல்லாம் வெயிட் கிடையாது சார்."

1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி இந்த மாதிரிச் சாமானுக்கெல்லாம் நூறு வயசாவது ஆனால்தான் தொல்பொருள் என்கிற மரியாதை. நம் பாட்டிமார் குடங்களில் எத்தனை அதுவரை தாக்குப்பிடிக்கும்? அமெரிக்காவில் பழைய கொம்பில் புதுசாகப் பேர் கீறி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. வாங்குகிறவர்கள் பூதக்கண்ணாடியோடு அலைகிறார்கள். இங்கே அந்தக் கவலை இல்லை. விலையே இல்லாத பேரை எவன் சார் போலியாக வெட்டுவான்?

எடைக்கு எடை காசு கொடுத்துக் குடத்தை வாங்கினேன். கடைக்காரர் மனசு கேட்காமல், "அடியில ஓட்டை இருக்கு சார், தண்ணி நிக்காது" என்றார்.

"பரவால்ல. பேர் நிக்குதே, போதும்."