ரிட்டயர் ஆனவர் எழுதுகிறார்

தமிழின் முதல் நாவல் 1879-ல் அச்சேறியபோது, அதை எழுதியவர் உத்தியோகத்தை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சி கோர்ட்டில் ரெக்கார்டு கீப்பராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப்பாகித் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று சுற்றியவர். 1872-ல் ஓய்வு. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தபோது அவருக்கு வயது 53. இன்றைக்கென்றால் இன்னும் சர்வீஸில் இருந்திருப்பார். தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59 ஆகி, அடுத்த வருஷமே 60 ஆகிவிட்டது. நாவல் அவ்வளவு தள்ளிப்போயிருக்கும்.

நான் அவர் ஊர்க்காரன். மாயூரம் இப்போது மயிலாடுதுறை. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றேன். (சார்பதிவாளர் என்றதும் உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருகிறதே, அது எனக்குப் பழக்கம். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டேன்.) இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போல ரிட்டயர் ஆனவர்கள்தான். ஹெட்மாஸ்டர், பேங்க் மேனேஜர், தாசில்தார். ஆளுக்கொரு நோட்டு கையில் இருக்கும். பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்: “அனுபவம் நிறைய இருக்கு சார். இப்போ நேரமும் இருக்கு.”

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது என்பது என் கட்சி.

முதலில் நேரம். ரிட்டயர் ஆனவனுக்கு நேரம் இருக்கிறது என்று சொல்பவர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை என்று அர்த்தம். பேரனை வேன் ஏற்றிவிடுவது, ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர், உயிர்வாழ் சான்று, உறவில் ஒரு காதுகுத்து. “நீங்க சும்மாதானே இருக்கீங்க” என்று ஆரம்பிக்கிற வேலையெல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். எழுதியே தீருவது என்று இருந்தவர்கள் நேரத்தைப் பிடுங்கித்தான் எடுத்துக்கொண்டார்கள். அ. மாதவையா உப்பு இலாகா அதிகாரி. ‘பத்மாவதி சரித்திர’த்தைச் சர்வீஸில் இருந்தபோதே எழுதியவர். அது போதவில்லை. நாற்பத்தைந்து வயதுவாக்கில் வேலையை விட்டுவிட்டு மயிலாப்பூரில் குடியேறி, சொந்தமாக அச்சகம் வைத்தார். 1924-ல் ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே இறந்துபோனார். உத்தியோகத்தை விட்ட பிறகு அவருக்குக் கிடைத்தது பத்து வருஷம்கூட இல்லை.

அ. முத்துலிங்கம் விஷயம் வேறு மாதிரி. முதல் தொகுப்பான ‘அக்கா’ 1964-ல் வந்தது. அப்புறம் கணக்காளர் வேலை, ஐ.நா. உத்தியோகம், தேசம் தேசமாக மாற்றல். அடுத்த தொகுப்பு ‘திகடசக்கரம்’ 1995-ல்தான். முப்பது வருஷ இடைவெளி. ஓய்வுக்குப் பிறகு கனடாவில் உட்கார்ந்து அவர் எழுதித் தள்ளியதைப் படிக்கும்போது, இந்த மனுஷர் அத்தனை வருஷமும் ஆபீஸ் நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்திருப்பார்.

இப்போது அனுபவம். எழுத்து எனக்குப் புதிதல்ல. சர்வீஸ் முழுக்க எழுத்துக்கு நடுவில்தான் இருந்தேன். ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். நான்கு மால், செக்குபந்தி, இதற்குள்பட்ட மாவடை மரவடை, நிதி நிட்சேபம், ஜல தரு பாஷாணம். வாங்கினவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பூமிக்கு அடியில் புதையல் இருந்தாலும் மேலே கல் கிடந்தாலும் எதையும் விடாத உரைநடை அது. நல்ல பத்திர எழுத்தர் ஒருவர் எழுதினால் அதில் ஒரு தாளமே இருக்கும். ஆனால் நிலத்தைப் பற்றி எல்லாம் சொல்லும் அந்தக் காகிதம், அதை விற்கிற மனுஷனைப் பற்றிச் சொல்வது அவன் பேர், அப்பா பேர், வயசு, கதவு எண். அதோடு சரி.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஆபீசுக்கு வர முடியாது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 31-ஆவது பிரிவில் நாங்களே வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. அப்படி ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வயதான அம்மாள், வீட்டை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கிறார். பத்திரத்தைப் படித்துக் காட்டி, நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நீங்கள்தானே எழுதிக்கொடுக்கிறீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. எல்லாவற்றுக்கும் சரியாகத் தலையாட்டினார். பெருவிரலில் மை தடவும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏந் தம்பி, இதுல கை வச்சுட்டா நாளைலேருந்து நான் சோறு யாருகிட்ட கேக்கணும்?” மகன், “அம்மா, செத்த சும்மா இரும்மா” என்றான். மருமகள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அம்மாள் தானாகவே கையை நீட்டினார். எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர் என்று எழுதி, இடது பெருவிரல் ரேகை, கீழே நிரூபித்தவர்கள் இரண்டு பேர், தேதி, என் கையெழுத்து. ஆவணத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

‘அனுபவம் நிறைய இருக்கு’ என்று வருகிறவர்களின் நோட்டைப் புரட்டினால், முக்கால்வாசி நான் எழுதிய அந்தச் சான்று போலத்தான் இருக்கிறது. எந்த வருஷம் எங்கே மாற்றல், யார் கலெக்டர், என்ன பாராட்டு. சதாபிஷேகத்தன்று தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுக்கும் சுயசரிதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் சான்றுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆபீஸ் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே எதை எழுதக் கூடாது என்பதுதானே! அறுபது வயதில் அதைக் கைவிடுவது, சிகரெட்டை விடுவதை விடக் கஷ்டம்.

அதே ஆபீஸ் காகிதத்திலிருந்து எழுத்தைக் கண்டெடுத்தவர் ஃபிராங்க் மெக்கோர்ட். நியூயார்க் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். அயர்லாந்தின் லிமெரிக் நகரில் வறுமையில் கழிந்த பிள்ளைப் பிராயத்தைச் சொல்லும் ‘ஏஞ்செலாஸ் ஆஷஸ்’ 1996-ல் வந்தபோது அவருக்கு 66 வயது. மறு வருஷம் புலிட்சர் பரிசு. வாத்தியார் வேலையைப் பற்றிப் பின்னால் ‘டீச்சர் மேன்’ என்று தனியாக எழுதினார். அதில் லீவு லெட்டர் சமாச்சாரம் ஒன்று வருகிறது. அம்மா எழுதிக் கொடுத்ததாகப் பையன்கள் கொண்டுவரும் லெட்டரெல்லாம் அவர்களே எழுதியவை என்று அவருக்குத் தெரியும். கட்டுரை எழுதச் சொன்னால் முக்கி முனகுகிற பிள்ளைகள், பொய் லெட்டரில் மட்டும் பிரமாதமாக எழுதுகிறார்கள். வேறு வாத்தியாராக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். இவர் அதையே பாடமாக்கினார்: ஆதாம் கடவுளுக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம், ஏவாள் எழுதுவது என்று வகுப்பையே எழுத வைத்தார்.

உத்தியோகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக இருந்த நார்மன் மெக்லீன் 1973-ல் ஓய்வு பெற்று, 1976-ல் தன் முதல் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது வயது 73. அதன் தலைப்புக் கதை, இளவயதில் மொன்டானா ஆற்றில் தம்பியோடு தூண்டில் போட்ட கதை. கதையில் மரமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு பதிப்பாளர் திருப்பி அனுப்பினாராம். கடைசியில் அவருடைய பல்கலைக்கழக அச்சகமே போட்டது. அதுவரை அவர்கள் புனைகதை புதிதாக வெளியிட்டதில்லை. நம் முன்சீப் மட்டும் கோர்ட்டை விடவில்லை. தமிழ் ஜனங்கள் கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடுவது என்ன நியாயம் என்று நாவலுக்குள்ளேயே ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறார். கதை அந்த இடத்தில் நொண்டுகிறது என்று விமரிசகர்கள் சொல்வார்கள். சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தானே தமிழாக்கிப் புத்தகம் போட்ட மனுஷருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? எனக்கு அந்த நொண்டல் பிடிக்கும்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவர். போன மாதம் அவரும் நோட்டோடு வந்தார். முதல் மூன்று அத்தியாயம் கொள்ளுத் தாத்தா, தாத்தா, குலதெய்வம். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்கு ஒரே வரி: சிறப்பாகப் பணியாற்றிப் பாராட்டுச் சான்றிதழ் பெற்றேன். “வேதாரண்யம் பக்கம்தானே போனீங்க, அங்க என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன். ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். சம்பா வயலுக்குள் வண்டி இறங்காது. சிமென்ட் போஸ்ட்டைக் கயிறு கட்டித் தோளில் தூக்கிப்போனது, நடக்க நடக்கச் சேறு முழங்காலுக்கு மேல் வாங்கியது, கூரை பறந்துபோன வீட்டுக்காரர்கள் சாய்ந்து கிடந்த தென்னையிலிருந்து இளநீர் வெட்டிக் கொடுத்தது, ராத்திரி பள்ளிக்கூடத் தரையில் ஈர உடுப்போடு படுத்தது. ஒரு தெருவுக்கு கரண்ட் வந்ததும் ஒரு கிழவி ஓடிவந்து இவர் கையில் பத்து ரூபாய் நோட்டைத் திணித்தாளாம்.

“இதை ஏங்க எழுதல?”

“இதெல்லாமா சார் புத்தகத்துல போடுவாங்க?”

தாத்தாவை எடுத்துவிட்டு இதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். தாத்தாவை எடுக்க மனசில்லை. பின்னால் எங்கேயாவது வைக்கிறேன் என்றார். நேற்றுத் திரும்ப வந்தார், புதுசாக எழுதிய பக்கங்களோடு. நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு சந்தேகம் என்றார். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல், அதே சான்றிதழை வாங்கிக்கொண்டு போன ஆள் ஒருத்தர் உண்டாம். “அவர் பேரைப் போடலாமா சார்?”

“வேண்டாங்க. கேஸ் போட்டுருவாரு. பேரை மாத்திடுங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “மாத்திட்டா, தன்னைத்தான் எழுதியிருக்குன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?”