கணக்குக் கேளாத குடி



தேர்தல் வந்துவிட்டால் நம் புதுக்கோட்டைத் தெருக்களில் தட்டிகள் எழும், ஊர்திகள் விரையும், பந்தல்கள் நிறையும். இவற்றுக்கான பணம் எவர் தந்தது, என்ன கருதித் தந்தது என்று கேட்பார் எத்தனை பேர்? முதலிட்டவன் ஊதியம் தேடாது விடுவானா?

சட்டம் இல்லாமலில்லை. நம் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 இலக்கம் உருவாவுக்கு மேல் செலவிடலாகாது என்பது 2022-இல் வகுத்த வரம்பு. முடிவு வெளியான 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு ஒப்படைத்தல் வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் 3 ஆண்டுகள் தகுதியிழப்பு. ஆனால், கட்சிகளின் செலவுக்கோ வரம்பே இல்லை!

இவ்வோட்டை தானே விழுந்ததன்று. நம் மாவட்டம் பிறந்த 1974-ஆம் ஆண்டில், வேட்பாளர்க்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று உச்சநயமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே நடுவணரசு சட்டத்தைத் திருத்தி, அச்செலவைக் கணக்கினின்று விலக்கிவிட்டது. 2003-இல் அவ்வாயில் குறுக்கப்பட்டதாயினும், கட்சியின் பொதுப் பரப்புரைக்கு இன்றும் திறந்தே கிடக்கின்றது. அதே 1974-இல் அமெரிக்காவின் கலிப்போர்னிய மக்களோ வாக்களித்துத் தனி ஆணையமொன்றை நிறுவினர். தேர்தல் பணத்தையும், பதவியிலிருப்போர் தந்நலங் கலவாது நடக்கின்றனரா என்பதையும் அவ்வொன்றே கண்காணிக்கின்றது.

இங்கோ தேர்தல் பணம் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. அமைச்சர், அலுவலர்தம் ஊழல் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 'உலோக் ஆயுக்தா'வின் பொறுப்பு. (அதற்கொரு தமிழ்ப்பெயர் சூட்டவும் மனமில்லை!) அன்று கொடுத்ததையும் பின்னர்ப் பெற்றதையும் ஒருசேர வைத்து நோக்கும் கண் எங்கே?

பழியெல்லாம் ஆள்வோர்க்கே உரியதுமன்று. அண்டையிலுள்ள தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டமையால், 2016 மே திங்களில் நடக்கவிருந்த தேர்தல்களை ஆணையம் நீக்கியது. கொடுத்த கையைப் பழிக்கின்றோம். வாங்கிய கை எவருடையது?

முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். அவை 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதான் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது. அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதலாகாது. நிலமும் மனையும் உடையார்க்கே இடந்தந்த அவை அது. அக்குறையை மறைக்க வேண்டா. ஆயினும், கணக்குக் காட்டாதானுக்குப் பொதுப்பணி இல்லை என்னும் நெறியை அன்றே கல்லில் வெட்டினர்.

நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வேட்பாளர் ஒப்படைத்த கணக்கை எவரும் 1 உருவா கட்டிப் பார்வையிடலாம் என்கின்றன 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்து விதிகள். நம் மாவட்டத் தேர்தல் அலுவலர் மாவட்ட ஆட்சியரே. ஊருக்கு இருவர் சென்று அக்கணக்கைப் படியுங்கள். கண்ணாரக் கண்ட பந்தலும் ஊர்தியும் அதில் உள்ளனவா என்று ஒத்துப் பாருங்கள். இல்லையெனில் எழுத்து வாயிலாக முறையிடுங்கள்.

ஆயிரம் உருவா வாங்க நீளும் கை, ஒற்றை உருவா கட்ட நீளாதா? கணக்குக் கேளாத குடியை எந்த ஆணையமும் காவாது!