பூட்டிய வீட்டின் சாவி

சேலத்துக்குப் போகும்போதெல்லாம் என் கைப்பையில் ஒரு சாவிக்கொத்து கனக்கும். அம்மாப்பேட்டையில் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் சாவி. அப்பா போன பிறகு அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக வீடு பூட்டியே கிடக்கிறது. மாதம் ஒரு முறை போய்த் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவது என்று ஏற்பாடு. நடப்பது என்னவோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை!

போன தடவை திறந்தபோது பூஜை அலமாரியின் பின்பலகையைக் கரையான் அரித்திருந்தது. மோட்டார் இறுகிப்போய் ஓட மறுத்தது. கொல்லைச் சுவரில் ஓர் அரசங்கன்று ஜம்மென்று வேர்விட்டு நின்றது. எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "ஆள் பொழங்காத வூடு அப்படித்தாங் கண்ணு ஆகும். நல்ல குடும்பமாப் பார்த்துக் குடி வெச்சுடு" என்றார்.

சென்னை திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "என் கண் மூடற வரைக்கும் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

வாசக சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு சாவி ஆணியில் தொங்குகிறதோ! விற்க மனம் வராது; போய்க் குடியிருக்கவும் முடியாது. நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகி, நூலகமும் நடக்கிறது. நம் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? கரையான்தான் வரும்.

அம்மாவின் பயம் ஒன்றும் அர்த்தமில்லாதது அல்ல. 'குடி வைத்தால் வீடு போச்சு' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் அவள். 1946லும் 1949லும் வந்த வாடகைச் சட்டங்களுக்குப் பிறகு 1960ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. அதன்படி, பேசிய வருஷங்கள் முடிந்துவிட்டன என்பதற்காக மட்டும் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், உள்வாடகைக்கு விட்டார், சொந்த உபயோகத்துக்கு வீடு தேவை என்பது போன்ற காரணங்களைக் காட்டி வழக்காட வேண்டும். வீட்டுக்காரர்களின் அதிகாரத்துக்கு அது ஒரு கடிவாளம். அன்றைக்கு அவசியமாகவும் இருந்தது. ஆனால் வழக்குகள் தலைமுறை தாண்டி இழுத்ததும் உண்டு.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் புதிய சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. 'பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டால் பதிவே வேண்டாம்' என்று தரகர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய சட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லும் பேச்சு அது. வாடகை அதிகாரியிடம் பதிவதற்குப் பதினொரு மாதக் கணக்கெல்லாம் கிடையாது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது சேலத்திலிருந்து மாமா போன் செய்தார். அவருடைய யோசனை வேறு. "வாடகை எதுக்கும்மா? போக்கியத்துக்கு வுட்டுடு. நாலு லட்சம் மொத்தமா வரும். மூணு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தாப் போச்சு."

நம் பக்கத்தில் போக்கியம் சகஜம். மாத வாடகை கிடையாது. மொத்தப் பணத்தின் வட்டிதான் வாடகை. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாலு லட்சம் மூன்று வருஷம் பெட்டியில் தூங்குமா? தம்பி மகள் கல்யாணம் ஒரு லட்சத்தை விழுங்கும். ஆஸ்பத்திரிச் செலவு இன்னொன்றை. கெடு வரும் நாளில் குடியிருப்பவர் பணத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நியாயம் அவர் பக்கம்தான். கையில் பணம் நிற்காத குடும்பம் எங்களுடையது. மாமாவிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நூல் கிடங்குக்கு ஒருவர் கேட்டார். வாடகை மாதம் பத்தாயிரம் தருவாராம். குடும்பமென்றால் எட்டாயிரம்தான் பெயரும். இரண்டாயிரம் ரூபாய் ஆசை காட்டத்தான் செய்தது. ஆனால் கிடங்கென்றால் மின்சாரக் கட்டணம் வியாபார விகிதத்துக்கு மாறும், வீட்டு வரியும் ஏறும், தரையும் பாழ். தவிர, இரவில் விளக்கு எரியாது. விளக்கு எரிய வேண்டும் என்றுதானே இத்தனை யோசனையும்!

எட்டாயிரம் என்றால் வருஷத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். வருமான வரி வருமோ என்று அம்மாவுக்குக் கவலை. கட்டிய வீட்டு வரி, உதாரணத்துக்கு 2,000 ரூபாயைக் கழித்தால் 94,000. அதில் நூற்றுக்கு முப்பது, அதாவது 28,200 ரூபாயை, ரசீது எதுவும் கேட்காமலே தள்ளிவிடுகிறார்கள். மீதி 65,800தான் வருமானமாகச் சேரும். வேறு பெரிய வருமானம் இல்லாத அம்மாவுக்கு வரி ஏது? வீடு அம்மா பெயரிலேயே இருப்பதால் கையெழுத்தும் அவள்தான். உங்கள் வீடு இன்னும் காலமானவர் பெயரில் இருந்தால், முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயரை மாற்றுங்கள். குடித்தனக்காரரைப் பிறகு தேடலாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அம்மா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "முன்அறையை மட்டும் பூட்டி வெச்சுக்கலாம்."

அப்பாவின் குழித்தறி இருந்த அறை அது. முப்பது வருஷம் அங்கே உட்கார்ந்துதான் வெண்பட்டு வேஷ்டி நெய்தார். தறியை விற்றாயிற்று. குழி இருக்கிறது, மேலே பலகை போட்டு மூடியிருக்கிறோம். அவர் கைபட்ட நாடாவும் ஊடை சுற்றிய தார்க்குச்சிகளும் ஒரு பெட்டியில் இருக்கின்றன.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஏனென்றால் சென்னையில் நானே குடித்தனக்காரி. முன்பு ஒரு வீட்டில் இருந்தபோது, அந்த வீட்டம்மாள் தம் சாமான்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். எதையாவது எடுக்கும் சாக்கில் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருவார். நான் ஈரத் தலையோடு நின்றாலும் சரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி. வாடகை கொடுத்தும் அது என் வீடாக இருக்கவே இல்லை. இப்போதைய சட்டம், வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி வதைக்கவும் கூடாது. முன்பணமும், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அன்று எனக்குக் கிடைக்காத மரியாதையை இன்னொரு பெண்ணுக்கு நான் மறுப்பதா?

காலையில் அம்மாவிடம் அந்தப் பழைய வீட்டுக் கதையைச் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. காப்பி ஆறிப்போன பிறகு, "ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சென்ற மாதம் போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், புருஷன், எட்டு வயது மகள். மூன்று மாத முன்பணம். காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு மீதி தருவதாக எழுத்தில் போட்டோம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர். இரண்டு மாதத்துக்கொரு முறை கிடைக்கும் 100 யூனிட் சலுகையும் அவர்களுக்கே. குழியை மண் போட்டு மூடி சிமெண்ட் பூசும்போது அம்மா கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டாள். நாடாப் பெட்டியை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை.

புறப்படும்போது அந்தச் சிறுமி ஓடி வந்தாள். "பாட்டி, அந்த முருங்கைக்காயை நாங்க பறிச்சுக்கலாமா?"

அம்மா மரத்தைப் பார்த்தாள். "பறிச்சுக்கோ சாமி. தொரட்டி கதவுக்குப் பின்னால இருக்குது. மேல மட்டும் ஏறிடாதே, முருங்கை ஒடிஞ்சுரும்."