செக்ரோலுக்கு வெளியே: மலையகத்தில் நோயும் உடற்குறையும்

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் திகதியை ஒட்டி மலையக நகரங்களின் மண்டபங்களிலே சக்கர நாற்காலிகள் வழங்கப்படுகின்றன. மாலை, பொன்னாடை, புகைப்படம் யாவும் உண்டு. மேடையில் வீற்றிருப்போர் தன்னம்பிக்கையின் மேன்மையை எடுத்துரைப்பர். மனம் தளராதவனுக்கு உடற்குறை ஒரு தடையன்று என்பர். கூட்டம் கலைந்தபின் அந்த நாற்காலி, லயத்துக்கு ஏறிச்செல்லும் கற்படிகளின் அடியில் வந்து நின்றுவிடுகிறது. நாற்காலியை ஒருவரும், அதில் அமரவேண்டியவரை வேறிருவரும் தூக்கிச் செல்கின்றனர். பின்னர் அது இஸ்தோப்பின் மூலையில் விறகு அடுக்குவதற்கே உதவுகிறது.

நீண்டகால நோயோடும் உடற்குறையோடும் நலமாக வாழ்வது தனிமனிதரின் மனவுறுதியைப் பொறுத்தது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களைப் பொறுத்தவரை அது பொய்யான கருத்து. பொய் என்பதோடு நில்லாது, பொறுப்புடையோர் யாவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வசதியான கருத்துமாகும். அங்கு ஒருவர் நலமாக வாழ்வதையும் வாழாதிருப்பதையும் தீர்மானிப்பது ‘பேர்’ என்ற இரண்டெழுத்துச் சொல்லே.

தோட்டத்தை அறியாத வாசகர்களுக்கு இதனை விளக்குதல் வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் பிரட்டில் நின்று, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். வராதவருக்குப் பேரில்லை. பெற்றோர் இட்ட பெயர் எதுவாயினும், தோட்ட நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியும் பெயர் இதுதான். முழங்கால் தேய்ந்தவரும், இளைப்பு நோயால் ஏற்றம் ஏற முடியாதவரும், பிறவியிலேயே செவிப்புலன் இழந்தவரும் செக்ரோலுக்கு வெளியே நிற்கின்றனர்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும், அதனை விரிவாக்கிய 1912ஆம் ஆண்டுச் சட்டங்களும் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட உடைமையாளரின் பொறுப்பாக்கின. இதனைக் கருணையின் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆனால் யாருடைய வைத்தியம், எதற்காக என்று வினவ வேண்டும். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, துரைமாரைக் கவர்ந்த வாதம் புழு நீங்கிய உடல் கூடுதலாக வேலை செய்யும் என்பதுதான். வைத்தியம் உழைப்புச் சக்தியைப் பழுதுபார்க்கும் பட்டறையாக அமைந்தது. பழுதுபார்த்துப் பயனில்லை என்று கருதப்பட்ட உடலுக்கு அப்பட்டறையில் இடம் இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தில் இழந்த உறுப்புகளுக்கு அட்டவணையிட்டு, ஒவ்வொன்றுக்கும் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு எவ்வளவு இழப்பு எனக் கணக்கிட்டது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் முப்பது ஆண்டுகள் நெற்றியிலே கயிறு மாட்டிக் கூடை சுமந்த கழுத்தும், சரிவிலே நின்று வளைந்த முதுகும் விபத்துக்கு உள்ளானவை அல்லவே! சிறுகச் சிறுகத் தேய்ந்தவை அவை. தேய்வுக்கு அட்டவணையில் இடமில்லை.

பழங்கதை பேசுகிறோம் எனச் சிலர் கூறக்கூடும். ஆகவே அண்மைக் கணக்கொன்றைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபா. இதில் அடிப்படைச் சம்பளம் 450, விலைப்பங்குக் கொடுப்பனவு 30; எஞ்சிய 140 ரூபா வரவுக்கான ஊக்குவிப்பு. வழங்கப்பட்ட வேலைநாள்களில் 75 சதவீதத்துக்குக் குறையாது வந்தவருக்கே அந்த 140 கிடைக்கும். மாதத்தில் 24 நாள் வேலை வழங்கப்பட்டதெனக் கொள்வோம். 18 நாள் வந்தவர் 11,160 ரூபா பெறுவார். 17 நாள் வந்தவருக்கு ஊக்குவிப்பு முற்றாக அற்றுப்போக, 8,160 ரூபாவே மிஞ்சும். இடையிலுள்ள ஒரே ஒரு நாளின் விலை 3,000 ரூபா. அடிப்படைச் சம்பளத்தில் ஆறு நாளுக்கும் மேற்பட்ட தொகை.

நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள பெண் ஒருத்திக்கு இது எவ்வாறு பொருந்துகிறது? கிளினிக்குக்குப் போகும் நாள் பேர் இல்லாத நாள். காய்ச்சலோ கால்வலியோ ஆறு நாளைத் தின்றுவிட்ட மாதத்தில், ஏழாம் நாளாகக் கிளினிக் வந்தால் அவள் என்ன செய்வாள்? மாத்திரையை இரண்டாக உடைத்து அடுத்த மாதம்வரை ஓட்டுவாள். பின்னர் புண் ஆறாத காலோடு அவள் வைத்தியசாலைக்கு வரும்போது, ‘இந்தச் சனத்துக்கு அறிவில்லை’ என்று படித்தோர் கடிந்துகொள்கின்றனர். அவளது கணக்கறிவில் எக்குறையும் இல்லை என்பதை மேற்கண்ட எண்களே காட்டும்.

2019இல் வரவு ஊக்குவிப்பு நீக்கப்பட்டது. 2021இல் 1,000 ரூபாச் சம்பளம் சம்பள நிர்ணய சபையின் வழியாக வந்தது. உடனே பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டது. சம்பள உயர்வை வரவேற்ற நாம், உயர்ந்த நிறையை எந்தெந்த உடல்கள் எட்டமாட்டா என்று கேட்டோமா? அரைப்பேர் என்பது யாருக்கு என்றும் கேட்கவில்லை.

வீட்டின் கதையும் இதுவே. லயத்துக் காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் ‘பதிவில்’ இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எழுதியும் எழுதாமலும் நிலவுகிறது. ஆதலால் நோயாளியான தாய் ஓய்வுபெறத் துணிவதில்லை. அல்லது கற்க வேண்டிய மகன் அவளுக்குப் பதிலாகப் பேர் பதிகிறான். பாதையின் கதை இன்னும் வெட்கக்கேடானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணி செய்வதற்குத் தடையாய் இருந்தது. அது 2018இலேதான் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகளாக, வாக்களித்துச் சபை உறுப்பினரைத் தெரிவுசெய்த ஒருவர் தம் வாசலுக்கு ஒரு கைப்பிடிச் சுவரைக்கூட அச்சபையிடம் உரிமையோடு கேட்க முடியவில்லை. மண்டபத்தில் வழங்கிய நாற்காலி ஏன் படியடியில் நின்றது என்பதற்கு மனவுறுதியில் விடை தேடுவோர் இச்சட்டத்தைப் படிப்பார்களாக.

லயத்தாரின் பரிவை இங்கு மறந்துவிடலாகாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைப்பதும், பார்வையற்ற கிழவரைக் கைபிடித்துக் குழாயடிக்கு அழைத்துச் செல்வதும், நோயாளியைக் கம்பளியில் கிடத்திப் பெருந்தெருவரை சுமந்து செல்வதும் அண்டைக் காம்பராக்காரர்களே. இருநூறு ஆண்டுகளாக இம்மக்களை வாழவைத்தது இப்பரிவே என்றாலும் மிகையாகாது. ஆனால் அதன் சுமையைத் தாங்குவோர் யாவர்? விடியுமுன் எழுந்து, படுக்கையில் கிடப்பவரைத் துடைத்து, ரொட்டி சுட்டு, பிரட்டுக்கு ஓடும் பெண்கள். அவர்கள் செய்யும் இவ்வேலைக்கும் செக்ரோலில் இடமில்லை.

பிற நாடுகளில் இவ்வினா வேறு விதமாக எழுப்பப்பட்டது. போலியோவால் முடங்கிச் சுவாச இயந்திரத்தின் துணையோடு வாழ்ந்த எட் றொபேர்ட்ஸ், கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தவர். அவரும் தோழர்களும் 1972இல் சுயாதீன வாழ்வுக்கான நிலையத்தை நிறுவினர். தம்மைத் திருத்த அவர்கள் முனையவில்லை. தெருவின் விளிம்பையும் வீட்டின் வாசலையும் திருத்தும்படி கேட்டனர். 1976இல் இங்கிலாந்தில் உடற்குறையுடையோரின் ஒன்றியமொன்று, உடலின் குறைபாடு வேறு, சமூகம் அதன்மேல் சுமத்தும் தடை வேறு என வகுத்துக் காட்டியது. இலங்கையும் 1996இல் உடற்குறையுடையோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. கொழும்பின் கட்டடங்களில் சாய்தளம் சில தோன்றியுள்ளன. மலைச்சரிவின் லயத்துக்கு அச்சட்டம் இன்னும் நடந்து ஏறவில்லை.

தொழிற்சங்கங்களிடம் நாம் கேட்க வேண்டியவை உண்டு. சந்தா செக்ரோலிலிருந்து கழிக்கப்படுவதால், செக்ரோலில் இல்லாதவர் சங்கத்துக்கும் இல்லாதவராகிவிட்டார். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கிளினிக் நாளுக்குச் சம்பளம் என்ற கோரிக்கை முதன்மை பெறவேண்டும். கொழுந்தை நிறுக்கும் தராசு உடலின் வயதையும் நோயையும் கணக்கில் கொள்ளவேண்டும். வீடும் அதன் நிலமும் தொழிலிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டு, உறுதியோடு குடியிருப்போருக்கு உரித்தாக வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிகள் அரசின் சுகாதார சேவைக்குள் முழுமையாக வரவேண்டும். பல்கலைக்கழகத்தவராகிய நமக்கும் ஒரு கேள்வி: மலையகத்தின் கூலியையும் குடியுரிமையையும் ஆராயும் நாம், செக்ரோலில் இல்லாதவர்களை எந்த ஆய்வேட்டில் எண்ணினோம்?

கம்பனிகள் நட்டக்கணக்கைக் காட்டும். 1992இல் முகாமையைக் கையேற்ற நாள்முதல் காட்டிவருவதுதான். இப்போது அவை கூலிமுறையையே கைவிட்டு, தேயிலைக் காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து வருமானத்தைப் பங்கிடும் முறையை முன்வைக்கின்றன. செக்ரோல் ஒழியுமாயின் நன்றே என்று சிலர் மகிழ்கின்றனர். மகிழுமுன் அந்த ஒப்பந்தத்தாளை வாங்கி வாசித்தல் வேண்டும். பறிப்பவள் நோயில் விழுந்த மாதத்தில் காணி யாரிடம் இருக்கும்? கொழுந்து முற்றிப்போனால் நட்டம் யாருடையது? சேமலாப நிதிக்குக் கம்பனி செலுத்திவந்த பங்கை இனி யார் செலுத்துவர்? இம்மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை கிடைக்காத தோட்டத்தில் எவரும் கைச்சாத்திடலாகாது.